பண்ணை எண்ணிலிருந்து தொடங்கும் பாதை

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றில் நூறு ஏக்கர் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு உதவித் திட்டங்களுக்குக் குறைவே இல்லை. உழுவதை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்த்தால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு வாடகை தரும் சி.ஆர்.பி. இருக்கிறது. வேலி, தண்ணீர்த் தொட்டி, மூடுபயிர் போன்றவற்றின் செலவில் பெரும்பங்கை ஏற்கும் இக்விப் இருக்கிறது. நிலத்தை ஏற்கெனவே நன்றாகப் பேணுபவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பணம் தரும் சி.எஸ்.பி. இருக்கிறது. சிறு கடன், பயிர்க் காப்பீடு, பேரிடர் நிவாரணம், மாநில மானியம் என்று பட்டியல் இன்னும் நீளும். இத்தனை இருந்தும் சிறு பண்ணையாளர் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. போனவர்களிலும் பலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், விழிப்புணர்வு போதவில்லை என்பதே வழக்கமான பதில். அதற்கு மருந்தாகத் துண்டறிக்கை அடிக்கிறார்கள், இணையதளம் திறக்கிறார்கள். நோயைச் சரியாகப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து இது. குறைவாக இருப்பது தகவல் அல்ல. நிலத்துக்கு வந்து பார்த்து, அதன் சிக்கலைத் திட்டத்தின் மொழியில் எழுதித் தரும் ஆள்தான் குறைவு. இந்தத் திட்டங்கள் பிறந்த விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும்.

1930களின் தொடக்கத்தில் தெற்குச் சமவெளியின் மேல்மண் காற்றோடு பறந்தபோது, நாடு முழுவதற்கும் ஒரே உத்தரவு போட்டு மண்ணைக் காத்துவிட முடியாது என்று உணர்ந்தவர் மண்ணியலாளர் ஹியூ ஹாமண்ட் பென்னட். 1933இல் விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கில் நடந்த முதல் முயற்சியில் வல்லுநர்கள் பண்ணை பண்ணையாகப் போனார்கள். எந்தச் சரிவில் சமவரப்பு உழவு, எந்தச் சரிவில் மரம், எங்கே மாடு போகக் கூடாது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். 400க்கும் மேற்பட்ட பண்ணையாளர்கள் சேர்ந்தார்கள். 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாஷிங்டனிலிருந்து வரும் அதிகாரியை உழவர் தம் நிலத்துக்குள் விடுவாரா என்ற கேள்வி எழுந்ததும், 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு மாதிரிச் சட்டத்தை எல்லா மாநில ஆளுநர்களுக்கும் அனுப்பினார். அதன்படி அமைந்த முதல் பாதுகாப்பு வட்டம் வட கரோலினாவில் பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டியில் தோன்றியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 3,000 வட்டங்கள் உள்ளன. பணமும் அறிவும் கூட்டரசினுடையவை, நிலத்தருகே நிற்பவர் உள்ளூர்க்காரர் என்ற அந்த ஏற்பாடு 1985, 1996, 2002, 2018 வேளாண் சட்டங்களைத் தாண்டியும் மாறவில்லை. திட்டங்களின் பெயர் மாறியது, தொகை மாறியது. வாசல் மட்டும் அதே கவுண்டி அலுவலகம்தான்.

அந்த வாசலுக்குள் எவை இருக்கின்றன என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. வேளாண் துறையின் சேவை மையம் என்ற ஒரே கூரையின் கீழ் பெரும்பாலும் இரண்டு முகமைகள் இயங்குகின்றன. பண்ணைச் சேவை முகமை கடன், பயிர் ஆதரவு, பேரிடர் நிவாரணம், சி.ஆர்.பி. ஆகியவற்றைப் பார்க்கிறது, அதைவிட முக்கியமாக, பண்ணைகளின் பதிவேடு அதனிடம்தான் இருக்கிறது. 1994 வரை மண் பாதுகாப்புச் சேவை என்று அழைக்கப்பட்ட இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, இக்விப்பையும் சி.எஸ்.பி.யையும் நடத்துகிறது. பல இடங்களில் உள்ளூர்ப் பாதுகாப்பு வட்டத்தின் மேசையும் அதே கட்டடத்தில் இருக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் ஊரின் வேறொரு மூலையில் இருக்கும். அதன் வேலை மண் பரிசோதனை, பயிர் ஆலோசனை, பயிற்சி. மானியம் தருவது அதன் வேலை அல்ல. புதிதாக வருபவர் பெரும்பாலும் விரிவாக்க அலுவலகத்தில் மானியம் கேட்பார், மானிய அலுவலகத்தில் பயிர் ஆலோசனை கேட்பார். வருபவரை அடுத்த கதவுக்குச் சரியாக அனுப்பி வைக்கும் ஒருவர் அங்கே இருந்தால் இது ஐந்து நிமிடச் சங்கடம். இல்லாவிட்டால் அதோடு ஆண்டே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முந்தியது பண்ணை எண். எந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னாலும், பண்ணைச் சேவை முகமையின் பதிவேட்டில் அந்த நிலத்துக்கு ஒரு பண்ணை எண்ணும், அதற்குள் துண்டு எண்ணும் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச ஏக்கர் கணக்கு கிடையாது. ஆனால் கிரயப் பத்திரமோ குத்தகை ஒப்பந்தமோ காட்டியாக வேண்டும். அடையாள விவரப் படிவம் ஒன்று. அரிப்புக்கு எளிதில் ஆளாகும் நிலத்தையும் ஈரநிலத்தையும் சிதைக்க மாட்டேன் என்று உறுதியளிக்கும் ஏ.டி.-1026 ஒன்று; சராசரி ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று சான்றளிக்கும் சி.சி.சி.-941 ஒன்று. இந்த மூன்றும் முடிந்து, வான்படத்தின் மேல் எல்லைக்கோடு போட்ட வரைபடம் கைக்கு வந்த பிறகுதான் பாதுகாப்புத் திட்டத்துக்கான விண்ணப்பம் உயிர்பெறுகிறது. பரம்பரையாகப் பண்ணை நடத்தும் குடும்பத்துக்கு இதில் எதுவும் புதிதல்ல. அவர்களுடைய கோப்பு தாத்தா காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது. நேற்று நிலம் வாங்கியவர்தான் விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வந்து, விண்ணப்பிக்கும் தகுதியே தமக்கு இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொள்கிறார். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே பண்ணை எண் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பதே இந்தத் துறையில் ஒருவர் பெறக்கூடிய மிகப் பயனுள்ள அறிவுரை.

கென்டக்கியை எடுத்துக்கொண்டால் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 120 கவுண்டிகள், பண்ணையின் சராசரி அளவு ஏறத்தாழ 180 ஏக்கர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இறைச்சிக்கான மாடுகள் அதிகம் உள்ள மாநிலம். அங்கே அடிக்கடி காணும் சிக்கல் ஒன்று. மாடுகள் தண்ணீருக்காக ஓடையில் இறங்குகின்றன. இறங்கும் இடத்தில் கரை சரிகிறது, புல் தேய்ந்து சேறாகிறது, சாணம் கலந்த நீர் கீழே இருப்பவர் நிலத்துக்குப் போகிறது. பண்ணையாளர் அலுவலகத்துக்குப் போய் ‘வேலிக்குப் பணம் உண்டா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. திட்டத்தின் கணக்கில் வேலி ஒரு கருவி மட்டுமே; மதிப்பெண் விழுவது கரை அரிப்புக்கும் நீர் மாசுக்கும். திட்ட அலுவலர் நிலத்துக்கு வந்து ஓடையோரம் நடந்து பார்த்த பிறகுதான், ஓடையை விலக்கும் வேலி, அதனால் தேவைப்படும் மாற்றுத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் போகும் குழாய், தொட்டியைச் சுற்றி மாடு மிதித்துச் சேறாகாத தளம், மேய்ச்சலைச் சுழற்றும் திட்டம் எல்லாம் ஒரே தொகுப்பாக எழுத்தில் வருகின்றன. வேலியை மட்டும் கேட்ட விண்ணப்பமும் இந்தத் தொகுப்பும் தரவரிசையில் ஒரே இடத்தில் நிற்காது. நிலமும் அதேதான், உரிமையாளரும் அவர்தான். நடுவே ஓர் ஆள் ஓடைக்கரையில் நடந்திருக்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

அதன் பிறகும் கண்ணி வெடிகள் உண்டு. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் ஒரு கம்பம் நட்டுவிட்டாலும், முன்கூட்டியே எழுத்துமூல விலக்கு பெறாதிருந்தால், அந்த வேலைக்குப் பணம் கிடையாது. வசந்தத்தில் விண்ணப்பித்துவிட்டு, காத்திருந்து சலித்து, கோடையில் சொந்தப் பணத்தில் வேலி போட்டவர் தம் உரிமையைத் தாமே இழக்கிறார். முடிந்த வேலை கம்பத்தின் ஆழம், கம்பியின் எண்ணிக்கை, மூலைக்கட்டு என்று தரக்குறிப்போடு பொருந்த வேண்டும். பணம் வேலை முடிந்து சரிபார்த்த பிறகே வரும். கடைக்காரரோ அதுவரை பொறுக்க மாட்டார். தொழிலுக்கு வந்து பத்தாண்டு ஆகாதவர், வளம் குறைந்தவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்குச் செலவில் 75க்குப் பதில் 90 சதவீதம் வரை தரலாம், குறைந்தது பாதியை முன்பணமாகவும் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் படிவத்தில் அதற்குரிய கட்டத்தில் குறியிட்டால்தான் அது கிடைக்கும். அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்ட ஒரு விரல் வேண்டும்.

கூட்டரசுத் திட்டங்களைவிட மறைந்து கிடப்பவை மாநிலத்தினுடையவையும் கவுண்டியினுடையவையும். தேசிய இணையதளம் எதுவும் அவற்றை முழுமையாகக் காட்டுவதில்லை. புகையிலை நிறுவனங்களோடு 1998இல் ஏற்பட்ட உடன்பாட்டில் கிடைத்த பணத்தில் பாதியை வேளாண்மைக்கென்று ஒதுக்க 2000இல் கென்டக்கி சட்டம் செய்தது. அந்த வேளாண் நிதியில் 35 சதவீதம் கவுண்டிகளுக்குப் போகிறது. கவுண்டி வேளாண் முதலீட்டுத் திட்டம் அதிலிருந்துதான் நடக்கிறது. எந்தக் கவுண்டியில் எந்த மாதம் விண்ணப்பம் வாங்குகிறார்கள், எந்த அமைப்பு வாங்குகிறது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பாதுகாப்பு வட்டம் வழியாக வரும் மாநிலச் செலவுப் பங்கீடு இன்னொன்று. அதற்கு 1994 வேளாண் நீர்த்தரச் சட்டம் பத்து ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள பண்ணைகளிடம் எதிர்பார்க்கும் நீர்த்தரத் திட்டம் கையில் இருக்க வேண்டும். மிசூரியில் பத்தில் ஒரு சதவீத விற்பனை வரி ஒன்று மண்ணுக்கும் நீருக்கும் பூங்காக்களுக்கும் போகிறது. 1984இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அந்த வரியை 2016இலும் நீட்டித்தார்கள். வரி கட்டும் பண்ணையாளருக்கே அது தம் ஓடைக்கரைக்குத் திரும்பி வரும் என்று பல நேரம் தெரியாது. இத்தகைய நிதிகளை அறிந்துகொள்ள உள்ளூர் வட்டத்தின் எழுத்தரைக் கேட்பதுதான் நம்பகமான வழி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆள் இருந்தாலும் பணம் இல்லையே என்பார்கள். வேளாண்மை, வணிகக் கொள்கைக் கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 முதல் 2020 வரை இக்விப்புக்கு விண்ணப்பித்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், சி.எஸ்.பி.க்கு விண்ணப்பித்தவர்களில் 42 சதவீதத்தினருக்குமே ஒப்பந்தம் கிடைத்தது. மூவரில் இருவர் வெறுங்கையோடு திரும்பும் கடையில் வழிகாட்டி எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பணத் தட்டுப்பாடு உண்மை. அதை மறைத்து யாரையும் அலைய விடுவது அநியாயம். ஆனால் தட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் விண்ணப்பத்தின் தரம் முடிவைத் தீர்மானிக்கிறது. பெரிய பண்ணைகளுக்குக் கணக்கரும் ஆலோசகரும் உண்டு. சிறியவருக்கு அந்த வேலையைச் செய்யக்கூடியவர் கவுண்டி அலுவலர் மட்டுமே. அவரை எடுத்துவிட்டால் அந்த 31 சதவீதத்துக்குள் யார் இருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இன்னொன்றும் உண்டு. நிலத்துக்கான பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருவதும் தொழில்நுட்ப ஆலோசனையும் இலவசம். அதற்குத் தரவரிசைப் போட்டி கிடையாது. ஒப்பந்தம் தவறியவருக்கும் எழுதிய திட்டம் கையில் மிஞ்சுகிறது. பல நேரங்களில் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகவும், அதே திட்டத்தைக் காட்டி மாநில நிதியைக் கேட்கவும் முடிகிறது.

இணையமே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2018இல் வேளாண் துறை தொடங்கிய ஃபார்மர்ஸ்.கவ் நல்ல தளம். கடன் படிவத்தைப் படிப்படியாக நிரப்ப உதவுகிறது, பதிவான பண்ணையாளர் தம் வரைபடத்தைப் பார்க்கலாம், சில ஆவணங்களில் கையெழுத்திடவும் செய்யலாம். ஆனால் ‘பதிவான’ என்ற அந்தத் தகுதியைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத்தான் அது வேலையை எளிதாக்குகிறது. ஓடைக்கரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று எந்தத் தளமும் வந்து பார்க்காது. நடைமுறையையே எளிமையாக்கி எல்லாருக்கும் நேரடியாகப் பணம் கொடுத்துவிடலாம் என்ற யோசனைக்கும் இதே கதிதான். 2018, 2019 ஆண்டுகளில் சீனாவுடனான வணிகப் போரின்போது வழங்கிய இழப்பீட்டுத் தொகை எளிமையானது, விரைவானது. அதன் கணக்கோ பயிருக்கும் விளைச்சலுக்கும் பரப்பளவுக்கும் ஏற்ப அமைந்தது. அதனால் அதிகப் பரப்பு வைத்திருந்தவருக்கே அதிகம் போனது. அதைவிட, மண்ணுக்கு என்ன நடந்தது என்று அந்தப் பணம் கேட்கவே இல்லை. பாதுகாப்புத் திட்டம் சற்றுச் சிக்கலாக இருப்பதற்குக் காரணம் அது ஒரு குறிப்பிட்ட நிலத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைக் கேட்பதுதான்.

எல்லா மறுப்புகளிலும் கனமானது வரலாற்றிலிருந்து வருவது. உள்ளூர் ஆளிடம் வாசலை ஒப்படைத்தால் அவர் யாருக்குக் கதவைச் சாத்துவார்? இதற்கு அமெரிக்கத் தெற்கு கசப்பான விடை வைத்திருக்கிறது. உழவர்களே தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழுக்கள் பல பத்தாண்டுகள் வெள்ளையர் கையிலேயே இருந்தன. கறுப்பின உழவரின் கடன் விண்ணப்பம் தாமதப்படுத்தப்பட்டது, நடவுக் காலம் முடிந்த பிறகு பணம் வந்தது, சிலருக்கு விண்ணப்பப் படிவமே தரப்படவில்லை. 1920இல் 9 லட்சத்துக்கும் அதிகமாக இருந்த கறுப்பின உழவர்கள் இன்று நாட்டின் உழவர்களில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் ஏற்பட்ட உடன்பாட்டின்கீழ் 100 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் அந்த இழப்பீட்டுக்கே காலக்கெடு முடிந்த பிறகு விண்ணப்பித்தவர்கள் 60,000க்கும் அதிகம்! அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கப்படவில்லை. 2010இல் நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கித்தான் அவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. பழங்குடி உழவர்களுக்கான கீப்ஸ்ஈகிள் வழக்கு 2010இல் 76 கோடி டாலருக்கு முடிந்தது. கடன் பாகுபாட்டுக்கு ஆளானவர்களில் 43,000க்கும் மேற்பட்டோருக்கு 2024 ஜூலையில் ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றை முன்வைத்து உள்ளூர் அலுவலகத்தையே நம்பக் கூடாது என்று சொல்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அநீதி நடந்தது மேசையில் ஆள் இருந்ததால் அல்ல. அந்த ஆள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராததால். திருத்தம் அங்கேதான் வேண்டும், ஓரளவு வந்தும் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போய் உதவி கேட்ட ஒவ்வொருவருக்கும் அன்று என்ன கேட்டார், என்ன பதில் சொல்லப்பட்டது என்று எழுதிய ரசீது தர வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். 2008இல் அது கேட்டால் மட்டுமே தருவதாக இருந்தது. அந்தத் துண்டுத் தாளை வாங்காமல் யாரும் வெளியே வரக் கூடாது. மறுக்கப்பட்ட பின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்கு முப்பது நாளுக்குள் போக வேண்டியிருந்தால் அதுதான் சாட்சி. பாகப்பிரிவினை ஆகாமல் வாரிசுகள் பலருக்கும் பொதுவாகக் கிடக்கும் நிலம் தெற்கில் ஏராளம். தெளிவான பத்திரம் இல்லாததால் அந்த நிலத்துக்குப் பண்ணை எண்ணே மறுக்கப்பட்டு வந்தது. வேறு உரிய ஆவணங்கள் காட்டினால் எண் வழங்கலாம் என்று 2018 வேளாண் சட்டம் வழி திறந்தது. அந்த ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்கத் தெற்குக் கூட்டுறவுக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளின் ஆட்கள் உழவரோடு அலுவலகத்துக்கே வருகிறார்கள். அநீதிக்கு எதிரான மருந்தும் கடைசியில் ஓர் ஆளின் உருவத்தில்தான் வருகிறது.

அதனால்தான் அண்மை ஆண்டுகளில் நடந்தது கவலை தருகிறது. 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் பாதுகாப்புக்கு 1,950 கோடி டாலர் ஒதுக்கியது; அதில் 100 கோடி தொழில்நுட்ப உதவிக்கு. வாசலில் கூட்டம் பெருகியது. 2025 ஜனவரியில் அந்த நிதி நிறுத்திவைக்கப்பட்டபோது, ஒப்பந்தத்தை நம்பிச் சொந்தப் பணத்தைச் செலவழித்து வேலையை முடித்திருந்தவர்கள் காசோலைக்குக் காத்துக்கிடந்தார்கள். மீதமிருந்த தொகை அதே ஆண்டு ஜூலையில் வந்த ஒரு சட்டத்தின் மூலம் வழக்கமான திட்டங்களோடு சேர்க்கப்பட்டது. ஆகப் பணம் பெரும்பாலும் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஆண்டு விலகிப்போன ஊழியர்கள் திரும்பவில்லை. ஒரு குட்டையின் கரையையோ சாணக் கிடங்கையோ வடிவமைத்துக் கையெழுத்திட, பாதுகாப்புச் சேவை அலுவலருக்கு அந்த வகை வேலைக்கென்று தனி ஒப்புதல் அதிகாரம் வேண்டும். அது பல வேலைகளைச் செய்து காட்டிப் படிப்படியாகப் பெறுவது. அப்படி ஒருவர் போய்விட்டால், அவர் மேசையில் இருந்த குட்டைகள் எல்லாம் பக்கத்துக் கவுண்டியின் அலுவலர் வரும்வரை காகிதத்திலேயே கிடக்கும். பாதுகாப்பு வட்டங்கள் சொந்தமாகத் திட்டமிடுநரை அமர்த்திக்கொள்ள, கூட்டரசு அவற்றோடு ஒத்துழைப்பு உடன்பாடு செய்து பணம் தருவது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த உடன்பாடுகளை ஓராண்டுக்கு ஓராண்டு என்று புதுப்பிக்காமல், ஒருவர் பயிற்சி பெற்று ஒப்புதல் அதிகாரம் அடையும் அளவுக்கு நீண்ட காலத்துக்கு எழுதினால், மாநிலங்கள் தம் பங்கையும் அதில் சேர்த்தால், புதிய திட்டம் எதையும் அறிவிக்காமலே இருக்கிற திட்டங்கள் அதிகம் பேரைச் சென்றடையும்.